வடகோடித் துறையில் தமிழர் உழைப்பு

சிங்கப்பூரின் பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் முன் வெண்கல யானை ஒன்று நிற்கின்றது. சயாம் மன்னர் சூலாலங்கோர்ன் 1871ஆம் ஆண்டு இந்நகருக்கு வந்து சென்றதன் நினைவாக அளித்த பரிசு அது. சயாம் மன்னர் ஒருவர் முதன்முதலாகக் கால்வைத்த அயல்நாடு சிங்கப்பூரே என்று அதன் பீடத்து எழுத்துக்கள் கூறுகின்றன. அதே மன்னர் 36 ஆண்டுகள் கழித்து, 1907ஆம் ஆண்டு கோடையில், நார்வே நாட்டின் வடமுனைக்குக் கப்பலேறிச் சென்றார். அங்கிருந்த பாறையில் தம் பெயரெழுத்துக்களைப் பொறிக்கச் செய்தார். அந்நிகழ்ச்சியை நினைவூட்டும் சிறு காட்சிக்கூடம் ஒன்று இன்றும் அம்முனையில் உள்ளது. வெப்ப நாட்டிலிருந்து வடதுருவக் கடலைக் காணச் சென்றவர்களுள் சூலாலங்கோர்ன் மன்னர் முன்னோடியாவார்.

இன்று அப்பயணம் மன்னர்க்கு மட்டும் உரியதன்று. புக்கிட் பாத்தோக்கின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நடுத்தரக் குடும்பத்தாரும் விடுமுறைக் காலத்தில் நார்வேக்குப் பறந்து, அங்கிருந்து உல்லாசக் கப்பலேறி, நள்ளிரவுச் சூரியனையும் வானில் நெளியும் துருவ ஒளியையும் கண்டு மீள்கின்றனர். சிங்கப்பூர் அரசுக்கும் வடதுருவம் தொலைவான பொருளன்று. வடதுருவ நாடுகளின் மன்றத்தில் 2013ஆம் ஆண்டு இந்தியாவோடு சிங்கப்பூரும் பார்வையாளராகச் சேர்ந்தது. பனி உருகிப் புதிய கடல்வழி திறந்தால் மலாக்கா நீரிணையின் நிலை யாதாகும் என்பது துறைமுகத்தால் வாழும் நாட்டுக்குரிய கவலை. உருசியாவின் வடகடலில் பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பல்களை, பனியே காணாத இத்தீவின் தொழிலாளர்கள் கட்டி 2008ஆம் ஆண்டு அனுப்பியும் இருக்கின்றனர்.

வேடிக்கை பார்க்கும் உறவு ஒன்று. வாணிக உறவு மற்றொன்று. இவ்விரண்டையும் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. மூன்றாவது உறவு ஒன்று உண்டு. அஃது உழைப்பின் உறவு, தமிழரின் உறவு. கப்பலிலிருந்து இறங்கி ஓரிரு மணி நேரம் ஊர் சுற்றும் பயணியின் கண்ணில் அது படுவதில்லை. ஹாமர்ஃபெஸ்ட் என்னும் ஒரு துறைமுக நகரை எடுத்துக்கொண்டு, அங்கே பயணி காண்பன எவை, காணாதன எவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் கடல்வழியும்

ஹாமர்ஃபெஸ்ட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எழுபது பாகைக்கும் சற்று அப்பால் உள்ளது. புக்கிட் பாத்தோக் ஒரு பாகையைச் சிறிதே கடந்த இடம். இங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். அங்கே மே மாத நடுவிலிருந்து சூலை இறுதி வரை சூரியன் மறைவதில்லை. நவம்பர் இறுதியிலிருந்து சனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் உதிப்பதில்லை. எனினும், தெற்கிலிருந்து வரும் வெப்பநீரோட்டத்தின் பயனாக அத்துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அவ்வூர் தோன்றி நிலைத்ததற்கு இதுவே முதற்காரணம்.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789ஆம் ஆண்டிலேயே ஹாமர்ஃபெஸ்டுக்கு நகர உரிமை கிடைத்தது. வடகடலின் கொட் மீனைப் பிடித்து, உப்பிடாமல் குளிர்காற்றில் உலர்த்திக் கருவாடாக்கி விற்பது அதன் தொழில். வெண்கடற் கரையிலிருந்து வந்த உருசிய வணிகர் மாவும் மரமும் கொணர்ந்து மீனைக் கொண்டு சென்றனர். 1917ஆம் ஆண்டுப் புரட்சியோடு அவ்வாணிகம் அற்றுப்போயிற்று. 1890ஆம் ஆண்டு பெருந்தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. ஆயினும் மறு ஆண்டே தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. வட ஐரோப்பாவில் மின்விளக்கு முதன்முதல் ஏற்றிய ஊர்களுள் அதுவும் ஒன்று. இரண்டு மாத இருளில் வாழ்வோர்க்கு விளக்கு ஆடம்பரமன்று என்பதை நாம் உணரலாம்.

தெற்கே உள்ள டிரோண்ட்ஹெய்மிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் வந்து சேரக் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து மாதமும் ஆகும் என்பர். 1893ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் ரிச்சர்டு வித் என்பார் அவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒழுங்கான நீராவிக் கப்பல் போக்குவரவைத் தொடங்கினார். ‘வெஸ்டராலன்’ என்பது அக்கப்பலின் பெயர். இன்று பயணிகள் விரும்பி ஏறும் கடற்கரைக் கப்பல்கள் அவ்வழியில் வந்தவையே. அவை முதலில் உல்லாசத்திற்கு ஓடியவை அல்ல. அஞ்சலும் அரிசியும் மருந்தும் மணமக்களும் பிணமும் ஏற்றிச் சென்றவை. 1926ஆம் ஆண்டு கட்டப்பெற்று 1973ஆம் ஆண்டு வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பல் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எப்படியோ, அப்படியே அக்கப்பல்கள் அக்கரைக்கு. ரஜூலாவின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தோரின் பிள்ளைகளுக்கு, கப்பல் என்பது உல்லாசத்திற்கு முன்னே உயிர்நாடியாக இருந்தது என்று விளக்க வேண்டுவதில்லை.

அளவுத் தூணும் பரங்கிமலையும்

ஹாமர்ஃபெஸ்டில் இறங்கும் பயணிக்கு வழிகாட்டிகள் தவறாது காட்டுவது ஒரு கல்தூண். அதன் உச்சியில் உலக உருண்டை ஒன்று அமைந்துள்ளது. ஸ்ட்ரூவே என்னும் வானியல் அறிஞரின் தலைமையில் 1816 முதல் 1855 வரை நடைபெற்ற நில அளவையின் வடகோடி அவ்விடம். அங்கிருந்து கருங்கடற்கரை வரை 2,820 கிலோமீட்டர் நீளத்திற்கு முக்கோணங்களைத் தொடர்ச்சியாக அமைத்துப் பூமியின் வளைவை அளந்தனர். 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அத்தூணைக் காணும் தமிழர் ஒருவர் உடனே நினைக்க வேண்டிய ஊர் பரங்கிமலை. ஸ்ட்ரூவே தம் வேலையைத் தொடங்குவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1802இல், சென்னையை அடுத்த பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியிட்டு அளந்தார். அதிலிருந்து விரிந்த அளவையே பின்னர்க் குமரிமுனை முதல் இமயத்தின் அடிவாரம் வரை நீண்ட பெருவில் ஆயிற்று. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது ஏற்றும்பொழுது லாம்டனின் பெரிய கோணமானி மோதிச் சிதைந்ததும், அவர் தாமே அதனைச் செப்பனிட்டதும் அவ்வளவையின் வரலாற்றில் புகழ்பெற்ற செய்திகள்.

இவ்விரு அளவைகளும் ஒன்றற்கொன்று துணை. பூமி முழு உருண்டையாயின், ஒரு பாகையின் நீளம் எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். துருவத்தருகே அது கூடுதலாகவும் நிலநடுக்கோட்டருகே குறைவாகவும் இருந்தால், பூமி துருவங்களில் தட்டையானது என்பது பெறப்படும். அதனைத் துணிவதற்கு வடக்கிலும் ஓரளவை வேண்டும். தெற்கிலும் ஓரளவை வேண்டும். 1866ஆம் ஆண்டு ஆங்கிலேய அறிஞர் கிளார்க் பூமியின் வடிவைக் கணித்தபோது ஸ்ட்ரூவேயின் வில்லையும் இந்தியப் பெருவில்லையும் சேர்த்தே பயன்படுத்தினார். ஆகவே ஹாமர்ஃபெஸ்டுத் தூணின் மறுபாதி பரங்கிமலையில் உள்ளது என்றால் அது மிகையாகாது.

ஆனால் ஒன்று கருதத்தக்கது. ஸ்ட்ரூவேயின் பெயர் நிலைத்தது. லாம்டனின் பெயர் நிலைத்தது. பரங்கிமலையில் சங்கிலியை இழுத்துப் பிடித்த கைகளும், அரை டன் எடையுள்ள கருவியைக் காட்டிலும் மேட்டிலும் சுமந்த தோள்களும், கொடி பிடித்துக் குன்றுகளில் நின்ற கால்களும் எவருடையவை? அப்பெயர்கள் கல்லில் இல்லை. பெரும்பணிகளின் வரலாற்றில் கட்டளையிட்டவர் பெயர் எஞ்சும். கைகளின் பெயர் எஞ்சாது. இதே குறையை அவ்வூரின் அண்மைக்கால வரலாற்றிலும் காணப் போகின்றோம்.

எரிந்த ஊர்

தூணைப் பார்த்தபின் ஊருக்குள் நடக்கும் பயணிக்கு ஓர் ஐயம் எழலாம். நகர உரிமை பெற்று இருநூறாண்டு கடந்த ஊரில் பழைய வீடு ஒன்றேனும் இல்லாதது ஏன்? தேவாலயமும் 1961ஆம் ஆண்டு எழுந்தது. மீன் உலர்த்தும் பரண்களின் வடிவை ஒட்டி முக்கோணமாக அமைக்கப்பெற்றது. சிறு கல்லறைக் கோயில் ஒன்று தவிர, எல்லாம் 1945க்குப் பிற்பட்டவை.

1944ஆம் ஆண்டு அக்டோபரில் சோவியத் படை கிழக்கிலிருந்து முன்னேறி, 25ஆம் நாள் கிர்க்கெனஸ் நகரை விடுவித்தது. நார்வேயைப் பிடித்திருந்த ஜெர்மானியப் படை பின்வாங்கியது. வரும் படைக்கு ஒரு கூரையும் எஞ்சலாகாது என்று 28ஆம் நாள் இட்லர் ஆணையிட்டான். ஃபின்மார்க் மாவட்டம் முழுவதும், அதனை அடுத்த நிலப்பகுதியும் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 11,000 வீடுகள் சாம்பலாயின. ஏறத்தாழ 50,000 மக்கள் படகுகளிலும் கப்பல்களிலும் தெற்கே துரத்தப்பட்டனர். போக மறுத்தோர் குகைகளிலும் கவிழ்த்த படகுகளின் அடியிலும் அவ்விருட்குளிர் காலத்தைக் கழித்தனர். போர் முடிந்ததும், அரசு பொறுத்திருக்கச் சொல்லியும் கேளாமல் மக்கள் திரும்பினர். தம் ஊரை மீண்டும் கட்டினர். அவ்வரலாற்றைக் கூறும் மறுகட்டுமான அருங்காட்சியகம் 1998ஆம் ஆண்டு ஹாமர்ஃபெஸ்டில் திறக்கப்பெற்றது.

புக்கிட் பாத்தோக் குன்றின்மேல் ஏறியவர்க்கு இச்செய்தி புதிராக இராது. 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் தம் படைவீரர் நினைவாக அக்குன்றின் உச்சியில் ஒரு மரத்தூணை எழுப்பினர். அதனைக் கட்டியவர்கள் ஆஸ்திரேலிய, ஆங்கிலேயப் போர்க்கைதிகள். மடிந்த நேசப்படையினர்க்கென ஒரு சிலுவையும் பின்னே நிறுத்தப்பட்டது. 1945இல் சரணடைந்தபோது ஜப்பானியரே தூணை இடித்து அகற்றினர். இன்று எஞ்சியிருப்பவை கைதிகள் அமைத்த பாதையும் படிக்கட்டுகளும் மட்டுமே. உச்சியில் நிற்பது ஒளிபரப்புக் கோபுரம். அங்கே காலையில் நடைபயில்வோர் பலர் படிகளைக் காண்கின்றனர். படிகள் ஏன் வந்தன என்று கேட்பவர் சிலரே. புதிதாய்த் தோன்றும் இடத்தின் அடியில் பழைய நெருப்பு இருக்கக்கூடும் என்பதே இரண்டு இடங்களும் கற்பிக்கும் பாடம்.

மீன் ஆலையில் தமிழர்

மீண்டெழுந்த ஊருக்குத் தொழில் வேண்டும். 1950களில் ஹாமர்ஃபெஸ்டிலும் ஃபின்மார்க்கின் பிற துறைகளிலும் உறைமீன் ஆலைகள் பெருகின. மீனைத் தோலுரித்து, முள் நீக்கி, துண்டமாக்கி, உறையவைத்து ஐரோப்பாவெங்கும் அனுப்பினர். ஓரிரு தலைமுறையில் அவ்வூர்களின் இளைஞர் படித்துத் தெற்கே சென்றனர். குளிரிலும் ஈரத்திலும் நாள் முழுதும் நின்று மீன் வெட்டும் வேலைக்கு ஆள் குறைந்தது. அவ்விடத்தை நிரப்பியவர்களுள் யாழ்ப்பாணத் தமிழர் முதன்மையானோர்.

அவர்கள் அங்கே சென்ற வரலாறு தொடர்ச்சியானது. நார்வேக்கு முதலில் சென்ற தமிழராகக் கூறப்பெறுபவர் அந்தோனி இராசேந்திரம். 1956ஆம் ஆண்டு அங்கே சென்ற அவர், மீன்பிடித் தொழிலின் புதுமுறைகளைக் கற்றார். அந்நாட்டு நண்பர்களின் உதவியைத் திரட்டி 1960களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் ‘சீநோர்’ நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இலங்கையும் நார்வேயும் சேர்ந்த பெயர் அது. படகு கட்டுதலும் வலை பின்னுதலும் அதன் பணிகள். முதலில் நார்வேக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பாலம் இட்டது மீனே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பின்னர் நார்வேயின் மக்கள் உயர்பள்ளிகளில் சேர்ந்து படிக்கவென இளைஞர் சென்றனர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1983ஆம் ஆண்டு சூலைப் படுகொலைகள் நிகழ்ந்தன. அதன்பின் சென்றவர்கள் மாணவராக அல்லர், ஏதிலிகளாகச் சென்றனர். நிலையான வேலையும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் வருவாயும் தேடிய அவர்களுக்கு வடகோடி மீன் ஆலைகள் கதவைத் திறந்தன. அவ்வேலைக்கு நார்வே மொழி மிகுதியும் வேண்டியதில்லை. கை வேண்டும், பொறுமை வேண்டும். இவ்வாறு 1980களின் பிற்பகுதியிலிருந்து ஃபின்மார்க்கின் பல துறைமுகங்களில் தமிழ்க் குடியிருப்புகள் தோன்றின. எரிந்த நூலகத்தின் ஊரிலிருந்து வந்தோர், எரிந்து மீண்ட நாட்டில் குடியேறினர்.

அங்கே நிகழ்ந்த ஒரு மாற்றத்தை நம் சமுதாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மீன்தொழில் ஒரு சாதியாரின் தொழிலாகக் கருதப்பட்டது. பிறர் அதில் கைவைப்பதை இழிவாக எண்ணினர். வடகோடி ஆலையிலோ உழவர் மகனும் ஆசிரியர் மகனும் கரையார் மகனும் ஒரே மேசையருகே, ஒரே வகைக் கத்தியோடு, ஒரே கூலிக்கு நின்றனர். நெடுங்காலமாகச் சீர்திருத்தக்காரர் மேடையில் கேட்டதன் ஒரு பகுதியைப் பிழைப்பு தேடும் கட்டாயம் அங்கே செய்து முடித்தது. முழுவதும் முடித்தது என்று சொல்வதற்கில்லை. மணப்பேச்சு எழும்போது பழைய கணக்கும் எழும். ஆயினும் தொழிலின் பெயரால் தாழ்த்தும் வழக்கம் அம்மேசையருகே வலுவிழந்தது.

நெய்தலும் எற்பாடும்

ஆலையில் வேலை நிலையானது, சம்பளம் குறைவன்று, வீடும் கிடைத்தது. அங்ஙனமிருந்தும் பலர் சில ஆண்டுகளில் தெற்கே ஒஸ்லோவை நோக்கிப் பெயர்ந்தனர். ஏன்?

இவ்வினாவை ஆராய்ந்தவர் ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத் என்னும் நார்வே மானிடவியலார். ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊர் ஒன்றில் தமிழரோடு பழகி அவர் எழுதிய நூல் 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்வூர்த் தமிழர் உடல்வலி, தலைச்சுற்று, சோர்வு என்று மருத்துவரிடம் அடிக்கடி சென்றனர். மருத்துவர் சோதித்தும் பெயரிடத்தக்க நோய் பெரும்பாலும் அகப்படவில்லை. உற்றார் உறவினர் இன்றி, கோயிலும் விழாவும் இன்றி, தம்மை அறிந்த மனிதர் நடுவே வாழும் வாழ்வை இழந்ததே உடலில் வலியாக வெளிப்பட்டது என்பது அவர் கண்ட முடிவின் சாரம்.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றாமற் போகாது. நம் இலக்கண ஆசிரியர் கடலும் கடல்சார்ந்த நிலமும் நெய்தல் என்றனர். அதற்குரிய உணர்வு இரங்கல் என்றனர். சங்கப் பாடல்களில் நெய்தல் மகளிர் மீன் உணக்குவதும், அம்மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டுவதும் நாம் வகுப்பில் விளக்கும் காட்சிகள். வடகோடித் துறையிலும் மீன் உணங்குகின்றது, பரண்களின்மேல் கடற்பறவைகள் வட்டமிடுகின்றன, பிரிவும் உண்டு. மருத்துவரின் ஏட்டில் பெயர் பெறாத அவ்வலிக்கு நம் ஏட்டில் இரங்கல் என்று பெயர் இருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. அதாவது கதிரவன் சாயும் பொழுது. கோடையில் இரண்டு மாதத்திற்கு மேலாகக் கதிரவன் மறையாத ஊரில், குளிர்காலத்தில் இரண்டு மாதம் அவன் தோன்றவே தோன்றாத ஊரில், எற்பாட்டைக் குழந்தைக்கு எவ்வாறு கற்பிப்பது? இது வேடிக்கை வினா அன்று. ஒரு மொழியின் சொற்கள் ஒரு நிலத்தில் முளைத்தவை. நிலம் மாறும்போது சொல்லைக் காப்பதற்குப் பெற்றோரின் ஆர்வம் மட்டும் போதாது, பள்ளி வேண்டும், ஆசிரியர் வேண்டும், ஒத்த வயதுடைய பிள்ளைகள் வேண்டும். தமிழர் ஓரளவு தொகையாக வாழ்ந்த நார்வே ஊர்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. ஒஸ்லோவிலுள்ள அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் அவ்வகையில் பெயர்பெற்றது. பிள்ளைகள் தமிழ் கற்கவும் உற்றாரோடு வளரவும் வேண்டும் என்னும் எண்ணமும் பல குடும்பங்களைத் தெற்கே இழுத்தது.

தோட்டப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருப்பவன் என்ற முறையில் இதனை ஒப்பிட்டுப் பார்க்கின்றேன். மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் பட்ட துன்பம் பெரிது. எனினும், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்த தோட்டத்தில் பள்ளி நடத்துவது உரிமையாளர் கடமையாயிற்று. பெரும்பாலும் அது கொட்டகைப் பள்ளிதான். கங்காணியோ கிராணியோ பாடம் சொன்ன பள்ளிதான். ஆயினும் அக்கொட்டகை தமிழைக் காத்தது. வடகோடி மீன் ஆலைகளுக்கு அத்தகைய கடமை இல்லை. கூலி நல்ல கூலி; தமிழ்ப் பள்ளி மட்டும் தொழிலாளியின் ஓய்வு நாளிலிருந்து பிறக்க வேண்டியிருந்தது.

அம்மண்ணின் பழங்குடிகளாகிய சாமி மக்களின் வரலாறும் நமக்கு எச்சரிக்கை. கலைமான் மேய்த்தும் கடலில் மீன்பிடித்தும் வாழ்ந்த அவர்களின் மொழி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறாண்டளவாகப் பள்ளிகளில் ஒடுக்கப்பட்டது. பல கடற்கரை ஊர்களில் பெற்றோர் பேசிய மொழியைப் பிள்ளைகள் இழந்தனர். 1989ஆம் ஆண்டு சாமி மக்களுக்கெனத் தனி மன்றம் திறக்கப்பெற்றது. அவ்வொடுக்குமுறையை ஆராய்ந்த ஆணைக்குழு தன் அறிக்கையை 2023ஆம் ஆண்டு நார்வேப் பாராளுமன்றத்தில் வைத்தது. பள்ளியில் இடமில்லாத மொழி ஒரு நூற்றாண்டில் என்னாகும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தமிழர் மீன் வெட்டிய ஆலைக்கு அடுத்த தெருவிலேயே அது இருந்தது.

எழுதப்பட வேண்டிய வரலாறு

காலம் மேலும் மாறிவிட்டது. 2004ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கே விரிந்தபின், லித்துவேனியரும் போலந்தினரும் வடநார்வே மீன் ஆலைகளுக்கு வந்தனர். ஹாமர்ஃபெஸ்டுக்கு எதிரேயுள்ள மெல்கோயா தீவில் 2007ஆம் ஆண்டு முதல் எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றுகின்றனர். ஊரின் செல்வம் மீனிலிருந்து எரிவாயுவுக்கு நகர்ந்தது. அன்று கத்தி பிடித்த தமிழரின் பிள்ளைகள் தெற்கே மருத்துவராகவும் பொறியியலாராகவும் உள்ளனர். குழந்தையாக யாழ்ப்பாணத்திலிருந்து நார்வே சென்ற கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை நகரத்தலைவரானார். 2021இல் நாட்டுப் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இவை பெருமைக்குரியவை. ஆனால் மாடி உயர்ந்தபின் அடித்தளம் மண்ணுள் மறைவது இயல்பு.

ஹாமர்ஃபெஸ்டில் துருவக் கரடிச் சங்கம் ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டு தொடங்கியது. அவ்வூருக்கு நேரில் வந்து கட்டணம் செலுத்துவோர் எவரும் அதில் உறுப்பினராகலாம். ஒரு மணி நேரம் வந்து போகும் கப்பற் பயணி, கரடி பொறித்த சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, வடகோடியைச் சேர்ந்தவனாகிவிட்டேன் என்று மகிழ்கின்றான். அதில் தவறில்லை, ஊர்க்கும் வருவாய். ஆயினும் அந்நாட்டுத் துறைகளில் பத்தும் இருபதும் ஆண்டுகள் ஈரத்தில் நின்று உழைத்தவர்க்கு எந்தச் சின்னம் உண்டு?

குரோன்செத்தும் அவருக்கு முன் 1999இல் எழுதிய ஓய்விண்ட் ஃபூக்லெருடும் செய்த பணி நன்றிக்குரியது. ஆனால் அவை பிறர் நம்மைக் கேட்டு, பிறர் மொழியில், பிறர் வினாக்களுக்கு விடையாக எழுதியவை. ஆலையின் மணியோசையை யாழ்ப்பாணத் தமிழில் எவ்வாறு அழைத்தனர்? இருட்காலத்தில் பொங்கலன்று சூரியன் இன்றி எத்திசை நோக்கிப் படையலிட்டனர்? முதற்சம்பளத்தில் யாருக்குப் பணம் அனுப்பினர்? கொட் மீனில் குழம்பு வைக்கப் புளிக்கு என்ன செய்தனர்? இவற்றைக் கேட்பதற்கு நம்மவரே வேண்டும். முப்பது வயதில் அங்கே வேலைக்குச் சென்றவர்கள் இப்பொழுது எழுபதை நெருங்குகின்றனர். காத்திருக்கக் காலம் அதிகமில்லை.

இதற்குச் சிங்கப்பூரிலேயே முன்மாதிரி உண்டு. 1979ஆம் ஆண்டு இங்கே வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பெற்று, முதியோரின் நினைவுகள் அவரவர் மொழியிலேயே பதிவாயின. 2015இல் லிட்டில் இந்தியாவில் இந்திய மரபுடைமை நிலையம் எழுந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தராகவும் இரயில்வே ஊழியராகவும் இங்கு வந்த யாழ்ப்பாணத்தாருக்கு 1910ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் அமைந்தது. ஏடுகளும் பதிவுகளும் எஞ்சின. எழுதுகோல் பிடித்து வந்தவர் தம்மைத் தாமே எழுதிக்கொண்டனர். கத்தி பிடித்துச் சென்றவர்க்கு அவ்வாய்ப்பு எளிதன்று; ஆகவே நாம் உதவ வேண்டும்.

ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கும், பள்ளிகளில் வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொல்வோர்க்கும் ஒரு வேண்டுகோள். உறவினர் ஒருவர் நார்வேயிலோ கனடாவிலோ வேறெங்கோ தொழிற்சாலையில் நின்றவர் எனின், அவரிடம் மாணவன் ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசி, அவர் சொன்னதை அவர் சொன்ன தமிழிலேயே எழுதி வரட்டும். ஊர், ஆண்டு, வேலை, கூலி, உடன் நின்றவர் பெயர் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். வடதுருவக் கடலுக்கு உல்லாசக் கப்பலில் போவோரும் தூணையும் தேவாலயத்தையும் கண்டபின், மீன் ஆலை எங்கே என்று ஒருமுறை கேட்கட்டும். பரங்கிமலையில் சங்கிலி பிடித்தவர்களின் பெயரை இனி எவரும் மீட்க முடியாது. வடகோடித் துறையில் மீன் வெட்டியவர்களின் பெயரை இன்றும் கேட்டறியலாம்; கேட்க வேண்டியவர் நாம்.